“உங்கள் பலவீனம் என்ன?” என்று கேட்டால் என்னதான் சொல்வது

கேள்வி, 2 ஜூன்

கருவூலப் பிரிவில் (நிறுவனத்தின் பணத்தைக் கையாளும் இடம்) அனலிஸ்ட் வேலைக்கு இரண்டு இடத்தில் நேர்காணல் முடிந்தது. பணப்பாய்வு, தள்ளுபடி விகிதம், பாண்டு விலை எல்லாம் தடுமாறாமல் சொன்னேன். இரண்டு இடத்திலும் கவிழ்ந்தது கடைசிப் பதினைந்து நிமிடத்தில். “உங்கள் பெரிய பலவீனம்?” “மேலதிகாரி தப்புச் செய்வதைப் பார்த்தால்?” “நீங்கள் செய்த பெரிய தவறு?” முதல் கேள்விக்கு “நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்” என்றேன். எதிரே இருந்தவர் பேனாவை மூடிவிட்டார். என் முடிவு இதுதான்: இந்தக் கேள்விகளுக்குச் சரியான விடையே கிடையாது. நடிக்கத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2 ஜூன், இரவு 10.40

மறுக்கிறேன். பாதியை.

மேசைக்கு அந்தப் பக்கம் பதினொரு முறை உட்கார்ந்து ஏழு முறை தோற்றவன் நான். இப்போது சில வருடங்களாக இந்தப் பக்கம், ரிஸ்க் கட்டுப்பாட்டில். அவர் பேனாவை மூடியதற்குக் காரணம் நீங்கள் நடித்தது என்று நினைக்கிறீர்கள். அன்று காலையிலிருந்து அதே வசனத்தை அவர் நாலாவது முறையாகக் கேட்டிருப்பார், அவ்வளவுதான். பெர்ஃபெக்‌ஷனிஸ்ட், வேலை வெறி, எல்லாரையும் நம்பிவிடுவேன்: பலவீனத்துக்குப் பலத்தின் சட்டையை மாட்டிவிடும் இந்த மூன்றும் செத்துப் பல வருடம் ஆகிறது.

வேறு துறைகளில் இந்தக் கேள்வி “இவரோடு தினமும் எட்டு மணி நேரம் குப்பை கொட்ட முடியுமா” என்று பார்ப்பதற்காக இருக்கலாம். நிதித்துறையில் அதற்கு அடியில் இன்னொன்று ஓடுகிறது. கணக்கு உதைக்கும் நாளில் நீ எத்தனை மணிக்கு வாயைத் திறப்பாய்? பலவீனம், தவறு, மேலதிகாரி, நெருக்கடி, எந்தப் பெயரில் கேட்டாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறார்கள்.

நான் சொல்லி வேலை கிடைத்த பதில்: “நானே போட்ட கணக்கை நானே சரிபார்த்தால் எனக்குத் தப்பு தெரியாது. கூட்டல், கழித்தல் அடையாளக்குறி மாறியிருந்தால்கூடக் கண் தாண்டிப் போய்விடும். அதனால் அனுப்புவதற்கு முன் மொத்தத்தை வேறு வழியில் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன், முடிந்தால் பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டுவேன்.” பலவீனமும் நிஜம், அதற்குப் போட்ட முட்டும் நிஜம். கேட்டவர் தலையாட்டினார். இரண்டு வாரத்தில் ஆஃபர்.

3 ஜூன், காலை 6.15

தூக்கம் வரவில்லை. என் தோல்விகளில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

மூன்றாவது நேர்காணல் என்று நினைவு. டிரேடிங் டெஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் செட்டில்மெண்ட் வேலை, அதாவது வாங்கி விற்றதற்குப் பணம் கொடுத்து வாங்கிக் கணக்குத் தீர்ப்பது. “உங்கள் அர்ப்பணிப்பைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார்கள். நெஞ்சை நிமிர்த்தி, “மூன்று வருடமாக ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை” என்றேன். எதிரே இருந்த அம்மா மெதுவாக, “ஏன்?” என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் விரித்தேன். என் வேலையை வேறு யாரும் தொடமாட்டார்கள், சாவி என்னிடம்தான், காய்ச்சலிலும் போனேன். அவர் இரண்டு முறை குறித்துக்கொண்டார். நான் பூரித்துப்போய் வெளியே வந்தேன்.

அவர் என்ன குறித்தார் என்பது பின்னால் இந்தப் பக்கம் வந்த பிறகுதான் புரிந்தது. பணம் கை மாறும் பொறுப்புகளில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தொடர்ந்து இரண்டு வாரம் வேலையைத் தொடவே கூடாது என்ற விதி பல வங்கிகளில் உண்டு. உடம்புக்கு ஓய்வு தரும் விதி இல்லை அது. மறைத்து வைத்த நஷ்டம் கைக்குழந்தை மாதிரி. தினமும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், ஆள் நகர்ந்தால் அழ ஆரம்பித்துவிடும். பேரிங்ஸ் வங்கியின் நிக் லீசன் சிங்கப்பூரில் வர்த்தகத்தையும் அதன் தீர்வுக் கணக்கையும் தானே வைத்திருந்தார். நஷ்டத்தை 88888 என்ற கணக்கில் ஒளித்துக்கொண்டே போனார். 1995 பிப்ரவரியில் அது வெளியே வந்தபோது 82.7 கோடி பவுண்டு, வங்கியே மூழ்கியது. பிரான்சின் சொசியேத்தே ஜெனரால் வங்கியின் டிரேடர் ஜெரோம் கெர்வியேல் 2007 முழுக்க ஏறக்குறைய விடுப்பே எடுக்கவில்லை. அவர் மறைத்த வர்த்தகத்தால் 2008 ஜனவரியில் வங்கி அறிவித்த நஷ்டம் 490 கோடி யூரோ.

அந்த அம்மாவின் காதில் என் பதில் எப்படி விழுந்திருக்கும்! லீவு இல்லை, சாவி என்னிடம், வேறு யாரும் தொடக்கூடாது. நானாகவே வாக்குமூலம் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

3 ஜூன், மதியம் 1.05

“அப்படியானால் எல்லாரையும் திருடன் என்று நினைத்துத்தான் கேட்கிறார்களா?”

இல்லை. எல்லாரும் ஒருநாள் பயப்படுவார்கள் என்று நினைத்துக் கேட்கிறார்கள். லீசனே மறைக்க ஆரம்பித்தது வேறு ஆள் செய்த சின்னத் தப்பை என்று சொல்லியிருக்கிறார்.

4 ஜூன், இரவு 9.20

“நிஜப் பலவீனத்தைச் சொல்லுங்கள்” என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் போய், கணக்கு ஒத்திசைவு வேலைக்கான நேர்காணலில், “எண்களைப் பார்த்தால் எனக்குக் கவனம் சிதறும்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஐயா, அதுதானே வேலையே! நீச்சல் குளக் காவலர் வேலைக்குப் போய்த் தண்ணீர் பயம் என்று சொல்வதா?

என் தப்பும் இருக்கிறது, வரம்பு சொல்லாமல் விட்டேன். வேலையின் கழுத்தில் கை வைக்காத பலவீனம் வேண்டும். அதற்காக வேலைக்குச் சம்பந்தமே இல்லாததையும் சொல்லக்கூடாது. “எனக்குப் பாட வராது” என்று ஒருவர் என்னிடமே சொன்னார். சிரித்தேன், மதிப்பெண் போட முடியவில்லை. நடுவில் இருப்பவை ஏராளம். பெரிய கூட்டத்தில் பேசத் தயங்குவேன், அதனால் பேசவேண்டிய மூன்று எண்ணை எழுதி வைத்துக்கொண்டு போவேன். பிறருக்கு வேலை பிரித்துக் கொடுக்க மனம் வராது, போன காலாண்டில் அதனால் ஒரு அறிக்கை தாமதமானது, இப்போது திங்கட்கிழமையே பிரித்துவிடுகிறேன். சம்பவம் ஒன்று கூட இருந்தால்தான் நம்புவார்கள். தேதியும் ஆளும் இல்லாத பலவீனம் ஜோசியம் மாதிரி, யாருக்கும் பொருந்தும்.

6 ஜூன், இரவு 11.10

மேலதிகாரி கேள்வி. இதைத்தான் நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் நீளும்.

மோசமான பதில்கள் இரண்டு துருவத்தில் இருக்கின்றன. ஒன்று: “அவர் மூத்தவர், காரணம் இருக்கும்.” இன்னொன்று: “உடனே ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதிவிடுவேன்.” இரண்டாவதைச் சொன்ன பையனின் கண்ணில் தீ இருந்தது. நான் கேட்டேன்: “நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்?” தீ அணைந்தது.

முதல் பதிலுக்கு ஏன் பயப்படுகிறோம் என்றால், இந்தத் துறையின் பாதுகாப்பே இரண்டாவது ஜோடிக் கண்ணில்தான் இருக்கிறது. மேக்கர், செக்கர் என்கிறோம். பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர். செக்கர் மேக்கரின் முகத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் அந்த ஏற்பாடே வெறும் சடங்கு. 2020 ஆகஸ்டில் ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடன் விஷயத்தில், கடன் கொடுத்தவர்களுக்குச் சிட்டி வங்கி அனுப்ப நினைத்தது சுமார் 78 லட்சம் டாலர் வட்டி. போனது ஏறக்குறைய 90 கோடி டாலர். திரையில் டிக் செய்யவேண்டிய பெட்டிகளில் ஒன்றை மட்டும் டிக் செய்தார்கள். இத்தனைக்கும் மூன்று பேர் பார்க்கும் ஏற்பாடு, ஆறு கண். மூவருமே அது சரி என்றே நினைத்திருந்தார்கள்.

ஆகவே, நல்ல பதிலில் ஒரு வரிசை இருக்கும். முதலில் நான் பார்த்தது சரிதானா என்று உறுதிசெய்வேன். பிறகு அவரிடமே போய், குற்றம் சாட்டாமல், “இந்த எண் எப்படி வந்தது என்று புரியவில்லை, காட்டுகிறீர்களா” என்பேன். பத்தில் எட்டு அங்கேயே முடிந்துவிடும், பெரும்பாலும் எனக்குத்தான் புரிந்திருக்காது. முடியாவிட்டால் எழுத்தில் கேட்பேன். வேண்டுமென்றே செய்கிறார் என்று தெரிந்தால் அவருக்கு மேலே, அல்லது விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு. அதுவரை ஒப்புதல் பட்டனைத் தொடமாட்டேன். இந்தக் கடைசி வரியைத்தான் நாங்கள் காத்திருந்து கேட்போம். மேலே சொல்வது ரெண்டாம்பட்சம், நீ கையெழுத்துப் போடுவாயா மாட்டாயா?

“இதெல்லாம் சினிமா, நிஜத்தில் மேலே போனவன் காலி” என்று சொல்பவர்களுக்கு: வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 2002-இல் செலவுகளை மூலதனமாகக் காட்டி லாபத்தை ஊதியதைப் பிடித்தது வெளியாட்கள் இல்லை, சிந்தியா கூப்பர் தலைமையில் இருந்த உள் தணிக்கைப் பிரிவு. முதலில் வெளிவந்தது 380 கோடி டாலர். இரவுகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு அது சுகமாக இருந்தது என்று சொல்லவரவில்லை. அதேபோல வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் விற்பனை இலக்கை எட்ட வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்குத் திறந்தது 2016-இல் பெரிதாக வெடித்தபோது, வேலை போனதாகச் சொல்லப்பட்ட 5,300 பேரில் பெரும்பாலோர் கீழ்மட்டம். இலக்கை வைத்தவர்கள் அந்த எண்ணிக்கையில் வரவில்லை. “இலக்கு எட்டமுடியாததாக இருந்தால் என்ன செய்வீர்கள்” என்ற கேள்வி வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். “எப்படியாவது முடிப்பேன்” என்பதில் அந்த ‘எப்படியாவது’தான் உறுத்தும்.

7 ஜூன், காலை 8.00

இதைப் படிக்கும் ஒருவரிடம் நேர்காணலில், ஒன்று முதல் பத்துக்குள் உங்கள் நேர்மை எவ்வளவு என்று கேட்டார்களாம். இவர் 9.5 என்றிருக்கிறார். “ரவுண்ட் ஆஃப் பண்ணலாமா?” என்று கேட்டிருக்கிறார்கள். “பண்ணலாம் சார்” என்று சொல்லிவிட்டாராம்.

சாமி, அங்கேதான் பண்ணக்கூடாது.

8 ஜூன், இரவு 10.00

குணத்தை அளக்கும் தேர்வு பற்றி. திரையில் நூறு, நூற்றைம்பது வாக்கியம் வரும், ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘அறவே இல்லை’ வரை டிக் செய்யச் சொல்வார்கள். பெரும்பாலும் அடியில் இருப்பது ஐந்து குணம்: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறநோக்கு, இணக்கம், மனப்பதற்றம். இதில் எல்லா வேலைக்கும் பொதுவாகக் கொஞ்சமாவது பயன்படுவது பொறுப்புணர்வு என்று பேரிக், மவுண்ட் இருவரும் 1991-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ‘கொஞ்சமாவது’ என்பதை அடிக்கோடிடுங்கள். நாலெழுத்தில் பதினாறு வகையாகப் பிரிக்கும் மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனையை ஆள் எடுக்கப் பயன்படுத்தக்கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. அதை வைத்து வடிகட்டும் இடத்தில் உங்களுக்கு வேலை கிடைக்காவிட்டால் அழவேண்டாம்.

ஏமாற்றலாமா? ஒரே விஷயத்தை வேறு வேறு வார்த்தையில் பத்துப் பக்கம் தள்ளித் திரும்பக் கேட்பார்கள். இலட்சிய வங்கியாளர் வேடம் போட்டு விடை எழுதினால் நாற்பதாவது கேள்வியில் வேடம் மறந்துபோகும். தவிர, ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ வரும் வாக்கியங்கள். நான் ஒருமுறைகூட யார்மீதும் எரிச்சல் பட்டதில்லை என்ற மாதிரி. நல்லவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசையை அளக்க 1960-லேயே க்ரௌன், மார்லோ இருவரும் 33 வாக்கியத்தில் ஒரு அளவுகோல் செய்தார்கள், அதன் பேரன் பேத்திகள்தான் இவை. எல்லாவற்றிலும் புத்தரானால் அங்கே மாட்டுவீர்கள்.

9 ஜூன், இரவு 9.45

கேள்வி கேட்டவர் சரியாக மடக்கியிருக்கிறார்: “அப்போது நீங்கள் சொல்வதும் ஒத்திகை பார்த்த நேர்மைதானே? அதுவும் நடிப்புதான்.”

இரண்டு நாளாக இதற்குப் பதில் யோசிக்கிறேன். ஒத்திகை வேறு, புனைவு வேறு என்று எழுதி அழித்தேன். அது சரிதான், ஆனால் சப்பைக்கட்டு மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் ஏமாந்திருக்கிறேன். ஒருவரோடு இருபது நிமிடம் சிரித்துப் பேசினோம், என்னைப் போலவே யோசிக்கிறார் என்று மகிழ்ந்து எடுத்தேன். ஆறு மாதத்தில் அவர் அனுப்பிய அறிக்கைகளை நான் திரும்பப் போடவேண்டியிருந்தது. அதே வாரம் ஒரு பெண், கேள்விக்குக் கேள்வி நாலு விநாடி மௌனம், பிறகு இரண்டு வாக்கியம். “நெருக்கடி தாங்கமாட்டார்” என்று எழுதினேன். வேறொரு குழு எடுத்துக்கொண்டது. காலாண்டு முடிவு நாட்களில் அந்தத் தளத்திலேயே பதறாமல் இருப்பவர் இன்றைக்கு அவர்தான். காரிடாரில் பார்த்தால் நான் வழிவிட்டு ஒதுங்குவேன்.

எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் தாள் என்று கட்டமைத்து நடத்தும் நேர்காணல் சும்மா அரட்டை மாதிரி நடத்துவதைவிட, ஆள் வேலையில் எப்படி இருப்பார் என்பதை நன்றாகக் கணிக்கிறது. 1998-இல் ஷ்மிட், ஹண்டர் தொகுத்த ஆய்விலும் அப்படித்தான். 2022-இல் சாக்கெட்டும் கூட்டாளிகளும் கணக்கை மறுபடி போட்டபோது எண்கள் இறங்கின, ஆனால் கட்டமைத்த நேர்காணல் பட்டியலின் உச்சிக்கு வந்தது: 0.42. ஒன்று என்றால் முழுக் கணிப்பு என்று வைத்துப் பாருங்கள், உச்சியே அவ்வளவுதான். ஆகவே உங்கள் வாதத்தில் கால் பங்கைத் திருப்பித் தருகிறேன். அரட்டை நேர்காணலில் நடிப்பும் அதிர்ஷ்டமும் உண்டு.

மௌனத்துக்குப் பயப்படுபவர்களுக்கு மட்டும்: பதில் முடிந்த பிறகு நாங்கள் சில சமயம் வேண்டுமென்றே பேசாமல் இருப்போம். நூல் விட்டுப் பார்ப்பது. அந்த வெற்றிடத்தை நிரப்பப் போய்த்தான் பாதிப் பேர் தாங்கள் சொன்னதைத் தாங்களே கெடுப்பார்கள். முடிந்துவிட்டதென்றால் முடிந்துவிட்டது. தண்ணீர் குடியுங்கள்.

11 ஜூன், மாலை 6.30

“ஏன் நிதித்துறை?” என்பதற்குப் “பணம்” என்று சொல்லலாமா? சொல்லலாம், அதோடு நிறுத்தாவிட்டால். பணமே வேண்டாம், மார்க்கெட் மீது காதல் என்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் சந்தேகம். போனஸ் பேசும்போது அவர்கள்தான் கடைசி வரை உட்கார்ந்திருப்பார்கள்.

14 ஜூன், இரவு 11.55

தவறு கேள்விக்கு வருகிறேன், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். காரணம் இருக்கிறது.

தவறு சின்னதாக இருக்கிறதே என்று வெட்கப்படவேண்டாம். ஜேபி மோர்கன் வங்கியின் ‘லண்டன் வேல்’ (லண்டன் திமிங்கிலம், ஒரு டிரேடரின் பட்டப்பெயர்) விவகாரத்தில், 2012-இல் 620 கோடி டாலர் நஷ்டம், ரிஸ்க் அளவை எண் பாதியாகத் தெரிந்ததற்கு ஒரு விரிதாள் சூத்திரம்: சராசரியால் வகுக்கவேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தது. நஷ்டத்துக்கு அது மட்டும் காரணமில்லை, ஆபத்து தெரியவேண்டிய நேரத்தில் தெரியாமல் போக அதுவும் உதவியது. தவறின் அளவை நாங்கள் கேட்பதில்லை. எப்போது தெரிந்தது, யாரிடம் முதலில் சொன்னாய், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம், இவைதான் துருவித் துருவி வரும்.

இப்போது என் கதை. வரவேண்டிய வெளிநாட்டு நாணயத்துக்கு எதிராக ஃபார்வர்டில் (இன்றே விலை பேசிப் பின்னொரு தேதியில் கைமாற்றும் ஒப்பந்தம்) விற்கவேண்டும். நான் வாங்கிவிட்டேன். மூடவேண்டிய ரிஸ்க் இரண்டு மடங்கானது. காலை 11 மணிக்குத் தெரிந்தது. 1 மணிக்குச் சொன்னேன். நடுவில் அந்த இரண்டு மணி நேரம் நான் செய்த வேலை: விலை திரும்பி வருமா என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேறெதுவும் செய்யவில்லை. திரும்பி வந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று என்னைக் கேட்டால், இன்றைக்கும் சட்டென்று ஆமாம் என்று வரமாட்டேன் என்கிறது.

முதல் நாள் குறிப்பில் ‘அடையாளக்குறி கண் தாண்டிப் போய்விடும்’ என்று நாகரிகமாக எழுதி, அந்தப் பதிலில் வேலை கிடைத்தது என்றேன் அல்லவா. பூசி மெழுகியிருக்கிறேன். அவர் தலையாட்டியதோடு விடவில்லை. “அப்படித் தாண்டிப் போனது ஒன்றைச் சொல்லுங்கள்” என்றார். இந்தக் கதையைச் சொன்னேன், ‘தெரிந்தவுடன் சொல்லிவிட்டேன்’ என்று முடித்தேன். “உடனே என்றால்?” என்றார். பத்து நிமிடம் என்று நாக்கு நுனிவரை வந்தது. எப்படியோ இரண்டு மணி நேரம் என்று வெளியே விழுந்தது. “அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள்?” என்றார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் பலவீனம் பற்றி எதுவும் கேட்கவில்லை, சேரும் தேதியைத்தான் கேட்டார்.

அந்தப் பத்து நிமிடத்தைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன். கண்டுபிடித்திருக்க வழியே இல்லை. அதனால்தான் இதைப் பாடமாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

17 ஜூன், காலை 7.30

கேள்வி கேட்டவரின் மூன்றாவது நேர்காணல் நேற்று முடிந்ததாம். பலவீனம் கேட்கவில்லையாம், இத்தனை தயார் செய்த பிறகு! “உங்கள் நண்பர் உங்களைப் பற்றி என்ன குறை சொல்வார்?” என்று கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்து, “கடன் வாங்கினால் சரியாகத் திருப்பிவிடுவேன், கொடுத்தால் கேட்கக் கூச்சப்படுவேன் என்பான்” என்றிருக்கிறார். கடன் வசூல் பிரிவு இல்லையே? இல்லையென்றால் நல்ல பதில். முடிவு அடுத்த வாரம்.

20 ஜூன், மாலை 5.40

நாளையிலிருந்து இரண்டு வாரம் நான் இல்லை. கட்டாய விடுப்பு, லேப்டாப்பைக்கூட வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் கணக்குகளை யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லமாட்டார்கள், அதுதான் விதி. மார்ச் மாதத் தாளில் ஒரு செல்லில் சூத்திரத்துக்குப் பதில் எண்ணையே கையால் அடித்து வைத்திருக்கிறேன், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. மாற்றவில்லை. மேலாளர் இன்னும் இருக்கையில்தான் இருக்கிறார். எழுந்து போகிறேன்.